பன்னெண்டு எண்ணுற நேரம்

நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்கண்ணே. பெத்த தகப்பன், இருபத்தி நாலு வருஷம் தூக்கி வளத்தவன், புள்ளைகிட்ட “கண்ணத் தொற பாப்பா”ன்னு சொல்றான். தொறக்க மாட்டேங்குறா. “டாக்டர் சொல்லட்டும்ப்பா”ங்குறா. சண்டை போட்டுச் சொன்னாக்கூட பரவாயில்லண்ணே, நாலு திட்டு திட்டிட்டு மறந்துருவேன். மெதுவாச் சொல்றா. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்றா.

இருங்க, பைய நான் கீழ வெச்சுக்கிறேன், நீங்க நல்லா உக்காருங்க. திண்டுக்கல் பாசஞ்சருக்குத்தானே? இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம். நீங்க லைன் வேலைதானே பாக்குறீங்க? ஆரஞ்சு சட்டையப் பாத்ததும் நெனச்சேன். தண்டவாளம் பாக்குற டிராக்மேனா? நல்லதுண்ணே, உங்களுக்குப் புரியும். ரயில்வேக்காரங்களுக்குச் சொன்னாத்தான் இது புரியும்.

அந்தா, பிளாட்பாரக் கடைசியில பச்சைச் சுடிதார் போட்டுட்டு நிக்குதே, அதான் எம்பொண்ணு. இந்துமதி. என்ன பண்றா பாருங்க. வலது கண்ணக் கையால பொத்திக்கிட்டு சிக்னலப் பாக்குறா. அப்புறம் கைய எடுத்துட்டுப் பாக்குறா. பதினோரு நாளா இதே வேலைதான் அவளுக்கு. வேணாம் பாப்பா, வேணாம் பாப்பான்னு சொல்லி என் வாயி வலிச்சுப் போச்சு.

என் பேரு மாசிலாமணி. வேடசந்தூர் ரோட்டுல கிரில் பட்டறை வெச்சிருக்கேன். முப்பத்தோரு வருஷமா வெல்டிங். அந்தப் பக்கம் நீங்க பாக்குற கேட்டுல பாதி கேட்டு நான் அடிச்சதுதான், பெருமைக்குச் சொல்லல. இவ ஒரே பொண்ணு. டிப்ளமோ முடிச்சுட்டு லோகோ பைலட் பரிச்சை எழுதுனா. ஒண்ணு ரெண்டு பரிச்சை இல்லண்ணே, மூணு. ரெண்டரை வருஷம் வேற சிந்தனையே இல்ல. நம்ம தெருவுல ரயில ஓட்டப் போற பொம்பளப்புள்ள இவ ஒருத்திதான். பாஸாயிட்டான்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் தகரத்துல ரயில் எஞ்சின் வெட்டி, கீழ ‘இந்துமதி’ன்னு எழுத்து வெட்டி, வீட்டு கேட்டுல வெல்டு பண்ணிட்டேன். பெயிண்டும் அடிச்சாச்சு. என் மச்சினன்தான் சொன்னான், “மெடிக்கல் இருக்கு மச்சான், அதுக்குள்ள எதுக்கு?”ன்னு. அவனுக்கு எதையாவது சொல்லணும். புள்ளைக்குக் கண்ணு கழுகு கண்ணு, பட்டறையில இருந்தே பஸ் நம்பர் படிப்பா, மெடிக்கல்ல என்ன இருக்குன்னு கேட்டேன்.

உங்களுக்குத்தான் தெரியுமே, எஞ்சின் ஓட்டுறவங்களுக்குக் கண்ணாடி போடாம ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்கணும். தனித்தனியா மூடிப் பாப்பாங்க. அந்த மெடிக்கலுக்குத்தான் இன்னைக்கு இங்க வந்தோம். அதுக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடி இந்தப் பாழாப்போன கிரகணம்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள். ஞாபகம் இருக்கா? நீங்க லைன்லயா இருந்தீங்க? சரி சரி. எங்க ஊருக்கு நேர் மேல வளையம் தெரியும், சூரியனுக்கு நடுவுல நெலா போயி உக்காந்து சுத்தி மோதிரம் கணக்கா நிக்கும், ஒம்பதரை மணிக்கு, மூணே நிமிஷம்தான்னு என் மச்சினன் ஒரு மாசமா ஓதிட்டு இருந்தான். ரெங்கராஜ். என் வீட்டுக்காரி தனபாக்கியத்தோட தம்பி, பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியார். வாத்தியார்ன்னா நம்ம கிட்டயும் வாத்தியார்தான். குழம்புல உப்பு கூடினாக்கூட அதுக்கு ஒரு காரணம் சொல்லுவான். இந்துவுக்கு ரயில்வே பரிச்சையப் பத்திச் சொன்னதும் அவன்தான், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஊரே, “மாமன் மூளை அப்படியே வந்திருக்கு”ன்னு சொல்லும்போது ஒரு மாதிரி இருக்கும்ல? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?

அவன் எல்லாருக்கும் காகிதக் கண்ணாடி வாங்கிட்டு வந்தான். அட்டையில செஞ்சது, நடுவுல மினுமினுன்னு ஒரு தாளு. அத வெச்சுப் பாத்தா பாதுகாப்புங்குறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முப்பத்தோரு வருஷம் ஆர்க்க, அந்த வெல்டிங் தீ வெளிச்சத்தப் பாத்தவன்ண்ணே நான். சூரியனையே கையில வெச்சுக்கிட்டு வேலை பாக்குறவன். என்கிட்ட வந்து அட்டையக் குடுக்குறான்.

நான் சும்மா இருப்பனா? ரெண்டு நாள் உக்காந்து ஒண்ணு செஞ்சேன். ஆர்க் வெல்டிங்குக்குப் பாக்குற கருப்புக் கண்ணாடி ஒண்ணு, கேஸ் வெல்டிங் கண்ணாடி ஒண்ணு, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, சுத்தி பட்டை அடிச்சு, புடிக்கிறதுக்கு ஒரு கைப்பிடி வெச்சு, முனையெல்லாம் அரத்தால ராவி, எம்புள்ளைக்குன்னே செஞ்சேன். அது நல்ல கண்ணாடிண்ணே. மச்சினனே வாங்கிப் பாத்துட்டு, “சரியாத்தான் இருக்கு மச்சான், இது போதும்”னு சொன்னான். அவன் வாயால சொன்னான். எம்புள்ள அந்த வளையத்த வாழ்க்கையில ஒரு தடவதான் பாக்கப் போறா, அத என் கண்ணாடி வழியாப் பாக்கணும். இதுல என்ன தப்பு? சொல்லுங்க.

காலையில எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறியாச்சு. நான், வீட்டுக்காரி, இந்து, மச்சினன், அப்புறம் பக்கத்து லேத் பட்டறை சவரிமுத்து. சவரி நம்ம சேக்காளி, கிறிஸ்மஸ் கேக்க டப்பாவோட தூக்கிட்டு வந்துட்டான். தனபாக்கியம் கிரகணம் முடியாம ஒரு வாய் வைக்கக் கூடாதுன்னு டப்பாவப் புடுங்கித் தர்ப்பையப் போட்டு மூடிட்டா. “ஏம்மா, கேக்குக்குக்கூட கிரகணம் புடிக்குமா?”ன்னு கேட்டுட்டு அவன் பாவம் பசியோட நின்னான். சிரிச்சோம்ண்ணே. நல்லாத்தான் ஆரம்பிச்சுச்சு. கொஞ்சங் கொஞ்சமா வெயிலு மங்குது. காக்காயெல்லாம் சத்தம் போடுது. வெயில் இருக்கு, ஆனா சூடு இல்ல.

நடுவுல ஒண்ணு சொல்லிடுறேன். இது தெரியாட்டி உங்களுக்கு மத்தது புரியாது. பட்டறையில ரெண்டு கம்பியச் சேக்கணும்னா ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் பத்தவைக்கணும். பத்தவைக்கிறவனுக்கு முகத்துல மறைப்பு இருக்கும். புடிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அதனால நான் “மூடு”ன்னு சொல்லுவேன், அவங்க கண்ண மூடணும். ஒரு பொட்டு வெல்டு வைப்பேன். “தொற”ன்னு சொல்லுவேன், தொறக்கணும். இந்து ஏழு வயசுல இருந்து லீவு நாள்ல எனக்குப் புடிச்சவ. மூடுன்னா மூடுவா, தொறன்னா தொறப்பா. இடையில ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட அவசரப்பட்டுத் தொறந்ததில்ல. அவ கண்ணுல ஒரு நாள் ஆர்க் அடிச்சதில்லண்ணே. மத்த பட்டறையில போயிக் கேட்டுப் பாருங்க, புடிக்கிற ஆளுக்குக் கண்ணுல ஆர்க் அடிக்காத பட்டறை உண்டான்னு. என் குரலுக்கு அப்படி ஒரு நம்பிக்கை அவளுக்கு.

ஒம்பதரைக்கு வளையம் வந்துச்சு. மச்சினன் அட்டைய மாட்டிக்கிட்டு மேல பாத்து, மூணு நிமிஷம் சரியா இருக்கான்னு சத்தமா எண்ணுறான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. வாத்தியார் புத்தி. இந்துவும் அட்டையத்தான் மாட்டியிருந்தா. அவசரத்துல அதத்தான் எடுத்திருக்கா. “மாமா, வந்துருச்சு மாமா! மாமா, எவ்வளவு அழகா இருக்கு மாமா!”ன்னு குதிக்கிறா. எல்லாம் மாமா. நான் பக்கத்துலதான் நிக்கேன்.

போனேன். அவ கண்ணுல இருந்து அந்த அட்டைய எடுத்துட்டேன். “இதப் பாரு பாப்பா, அப்பா செஞ்சதுல பாரு”ன்னு என் கண்ணாடியக் குடுத்தேன். அம்புட்டுத்தான்.

என்னது? நடுவுல எம்புட்டு நேரமா? ஒரு நொடிண்ணே. ஒண்ண எடுத்து ஒண்ண மாத்துற நேரம்.

அன்னைக்கு ஒண்ணும் தெரியல. கேக்கு சாப்பிட்டோம், சவரி வயிறார சாப்பிட்டான். சாயந்தரம் பட்டறையில நான் மட்டும் இருக்கேன், இந்து வந்தா. “அப்பா, இடது கண்ணுல நடுவுல ஒரு புள்ளி நிக்குதுப்பா. எங்க பாத்தாலும் அங்கயே வருது”ன்னா. நான் கேட்டேன், “வலிக்குதா?” “வலிக்கல.” “உறுத்துதா, மணல் விழுந்த மாதிரி இருக்கா, தண்ணி வருதா?” “ஒண்ணுமில்லப்பா, புள்ளி மட்டுந்தான்.” அப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். ஆர்க் அடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? எத்தன ராத்திரி கண்ணுல உருளைக்கிழங்கச் சீவி வெச்சுக்கிட்டு உருண்டிருக்கேன்! அடிபட்ட கண்ணு வலிக்கும்ண்ணே. வலிக்காத கண்ணுல என்ன அடி? இருந்தாலும் உருளைக்கிழங்கு வெச்சுவிட்டேன். அம்மாகிட்டச் சொல்லாத, பயந்துருவா, காலையில போயிரும்னேன்.

காலையில போகல. அதுக்கு மறுநாளும் போகல. நாலாம் நாள் அவ அம்மா பாத்துட்டா. ஊசியில நூல் கோக்கச் சொல்லியிருக்கா, இவ வலது கண்ண மட்டும் வெச்சுக்கிட்டு கோத்திருக்கா. “என்னடி ஆச்சு?”ன்னு ஒரே கத்து. நான் உள்ள வந்தேன். தனபாக்கியம் என்னப் பாக்குறா, இந்து என்னப் பாக்குறா. வாயில வந்தது, “உன் தம்பி குடுத்த காகிதம்தான், வேறென்ன?”ன்னுட்டேன்.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? அட்டைதானே மாட்டியிருந்தா? மச்சினன் நாப்பது எண்ணுற வரைக்கும் அட்டைதானே? அதுல என்ன ஓட்டை இருந்துச்சோ யாரு கண்டா?

வீட்டுக்காரி போன் போட்டுத் தம்பிய உண்டு இல்லன்னு பண்ணிட்டா. “எம்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா”ன்னா. அவன் அன்னைக்கே பைக்க எடுத்துட்டு வந்தான். மத்த அட்டைக் கண்ணாடி பூராத்தையும் கையில வெச்சிருக்கான். கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, “அக்கா, இத வெச்சுத்தான் நானும் பாத்தேன், நீயும் பாத்த. நமக்கு ஒண்ணும் ஆகலயேக்கா”ங்குறான். இவ கேட்டத் தொறக்கல. அவன் என்னப் பாத்தான். “மச்சான், நீங்களாவது சொல்லுங்க மச்சான்”னான். நான் உள்ள நின்னேன். கேட்டுல எஞ்சின் படம் இருக்குன்னு சொன்னேன்ல, அதுக்கு அங்கிட்டு அவன் மூஞ்சி பாதிதான் தெரிஞ்சுச்சு. அழுதுட்டான்ண்ணே. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள, வாத்தியாரு. அதுக்கப்புறம் வீட்டுப் பக்கம் வரல.

இந்து? மாடிப்படியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தா. அன்னைக்கு ராத்திரி சோறு வேணாம்னுட்டா.

கண்ணாஸ்பத்திரிக்குப் போனோமே, போகாம இருப்போமா? அங்க ஒரு டாக்டரம்மா படம் புடிச்சுப் பாத்துட்டு, உள்ள வெந்துருக்கு, வெயிலப் பாத்த காயம், அந்த எடத்துக்கு வலி தெரியாது, ஒரு கண்ணுல மட்டும் அடிக்கிறதும் உண்டுன்னாங்க. ஆறினாலும் ஆறும், மாசக்கணக்கு ஆகும், ஆறாமலும் போகலாமாம். “எவ்வளவு நேரம் வெறுங்கண்ணால பாத்தே?”ன்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, “பாக்கவே இல்லம்மா, கண்ணாடி போட்டுத்தான்”னு சொல்லிட்டேன்.

சரி, நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. சொல்றேன். ஒரு அஞ்சு எண்ணலாம். என் கண்ணாடி சவரி கையில இருந்துச்சு, வாங்கிக் குடுக்கணும்ல? அதுக்குள்ள ஒரு அஞ்சு. மேகம் வேற லேசாப் போச்சு. கூசவே இல்ல, நெலாவப் பாக்குற மாதிரி இருந்துச்சு.

அஞ்சே நாள்தான் பாக்கி மெடிக்கலுக்கு. தூக்கம் இல்ல எனக்கு. கேட்டப் பாத்தா எஞ்சின் படம் பல்ல இளிக்குது. போறவன் வர்றவன் பூராம், “என்ன மாசிலாமணி, பொண்ணு எப்ப வண்டி ஓட்டுது?”ங்குறான். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. கண்ணாடிக் கடையில எழுத்து போர்டு மாட்டியிருப்பான்ல, பெருசுல ஆரம்பிச்சு சிறுசா ஆகும்ல, அத போன்ல படம் புடிச்சுட்டு வந்தேன். நாலு கடையில பாத்தேன், நாலுலயும் ஒரே எழுத்துதான். எட்டாவது வரி வரைக்கும் படிக்கணும். அதப் பெருசா எழுதி அடுப்படிச் செவத்துல ஒட்டுனேன். “மனப்பாடம் பண்ணு பாப்பா, இடது கண்ணுக்கு இது, அம்புட்டுத்தான், ஒரு நிமிஷ வேலை”ன்னேன். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. டி, ஈ, எஃப், பி, ஓ, டி, ஈ, சி. ராத்திரி பகல்னு அவளச் சொல்லச் சொன்னேன். கடகடன்னு சொல்லுவா. ஆனா என் மூஞ்சியப் பாக்காமச் சொல்லுவா.

தப்புதான்ண்ணே. நீங்க லைன்ல நடக்குறவரு, உங்ககிட்டச் சொல்றதுக்குக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, இன்னொரு கண்ணு நல்லா இருக்குல்ல? ரெண்டையும் தொறந்தா பூராம் தெரியுதுன்னு அவளே சொல்றா. மூணு மாசத்துல இதுவும் ஆறிரும். இந்த ஒரு நாளத் தாண்டணும், அம்புட்டுத்தான நான் நெனச்சது?

காலையில வந்தோம். பேரு கூப்புட்டாங்க, உள்ள போனா. வெளிய பெஞ்சுல நான். மெடிக்கலுக்கு வந்த மத்த புள்ளைகளோட அப்பா அம்மாவும் உக்காந்திருக்காங்க. என் வாயி பாட்டுக்கு டி, ஈ, எஃப்னு முனகுது. பக்கத்துல இருந்தவரு சாமி மந்திரமான்னு கேட்டாரு. அரை மணி நேரம் ஆச்சு. எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல வர்றாங்க, இவளக் காணோம். ஒருத்தர் வர்றாரு, ஒருத்தர் போறாரு, கதவு தொறக்குது, மூடுது, இவ மட்டும் வரல.

அப்புறம் ஒரு நர்ஸம்மா இவ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து என் பக்கத்துல உக்கார வெச்சாங்க. கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. மருந்து விட்டிருக்காங்க. “டாக்டர் கூப்புடுற வரைக்கும் மூடியே இருக்கணும்”னு சொல்லிட்டுப் போனாங்க. மத்த யாருக்கும் மருந்து விடலயே!

“எட்டாவது வரி சொன்னியா பாப்பா?”ன்னு காதுகிட்டக் கேட்டேன்.

“சொல்லலப்பா.”

“போர்டு வேறயா?”

“போர்டு அதேதான். அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன், இடது கண்ணுல புள்ளி இருக்குன்னு.”

கைய ஓங்கிட்டேன்ண்ணே. சத்தியமா. இருபத்தி நாலு வருஷத்துல ஓங்காத கைய ஆஸ்பத்திரியில ஓங்கிட்டேன். அவ கண்ண மூடியிருந்ததால பாக்கல. எறக்கிட்டேன். “ஏண்டி? ஏன்? உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியே! ரெண்டரை வருஷம் படிச்சியேடி!”ன்னேன். பல்லக் கடிச்சுட்டுத்தான் கேட்டேன், பக்கத்துல ஆளு இருக்காங்க.

அவ சொன்னா. “வரும்போது ரயில்ல நீ எதிர் சீட்டுல தூங்கிட்டு வந்தேல்ல. வலது கண்ண மூடிட்டு உன்னப் பாத்தேன்ப்பா. உன் சட்டை இருக்கு, ரெண்டு காதும் இருக்கு, நடுவுல மூஞ்சி இல்ல. எதிர் சீட்டுல இருக்குற உன் மூஞ்சியே இல்லன்னா, எஞ்சின்ல இருந்து பாக்கும்போது லைன்ல நிக்குற ஆளு எங்கப்பா இருப்பாங்க? நல்ல கண்ணுல ஒரு தூசி விழுந்தா நான் என்ன செய்யறது?”

உங்களமாதிரி ஆளுகளத்தான் சொல்லியிருக்கா.

“எப்படி ஆச்சுன்னு கேட்டாங்களா?”ன்னேன். கேட்டாங்களாம். எழுதித் தரச் சொன்னாங்களாம். என்னத்த எழுதுனன்னு கேட்டேன். “கிரகணத்தன்னைக்கு நானா வெறுங்கண்ணால பாத்துட்டேன், பன்னெண்டு நொடின்னு எழுதியிருக்கேன்”னா. மாமா பேரு இல்ல. அட்டைக் கண்ணாடியப் பத்தி இல்ல. என்னப் பத்தியும் இல்ல.

உண்மையச் சொல்றேன், அப்பாடான்னு இருந்துச்சுண்ணே. ஒரு நிமிஷந்தான். அதுக்கப்புறம் அந்தப் பன்னெண்டு வந்து முன்னால நின்னுருச்சு. மச்சினன் சத்தமா எண்ணிக்கிட்டு இருந்தான்ல, அத வெச்சுக் கணக்குப் பண்ணியிருக்கா. நாப்பதுல அட்டைய எடுத்தேன். அம்பத்திரெண்டுல கண்ணாடியக் குடுத்தேன். பதினோரு நாளா அது அவளுக்குத் தெரியும். மாமன் கேட்டுல நின்னு அழுதப்பவும் தெரியும்.

அவ கண்ண மூடிட்டு உக்காந்திருக்கா. மருந்து கன்னத்துல வழியுது. எனக்கு என் மூஞ்சி அவளுக்குத் தெரியுதான்னு பாக்கணும் போல இருந்துச்சு. அப்பவே பாக்கணும் போல இருந்துச்சு. அதான் சொன்னேன். “தொற பாப்பா. ஒரு தடவ தொறந்து அப்பா மூஞ்சி தெரியுதா சொல்லு”ன்னு. பட்டறையில சொல்ற அதே குரல்லதான் சொன்னேன்.

“டாக்டர் சொல்லட்டும்ப்பா”ன்னுட்டா.

அப்புறம் டாக்டர் கூப்புட்டாரு, பாத்தாரு. இப்ப தகுதி இல்லன்னு எழுதிட்டாரு. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கச் சொல்லி மேலதிகாரிங்களுக்கு எழுதுறேன், அவங்க ஒத்துக்கணும், கண்ணும் ஆறியிருக்கணும், ரெண்டும் நடந்தா பாக்கலாம்னாரு. நல்ல மனுசன். “உண்மையச் சொன்னீங்க பாருங்க”ன்னு இவகிட்டக் கைகுடுத்தாரு. என்கிட்டக் குடுக்கல.

அந்தா, சிக்னல் போட்டுட்டாங்க போல. ஆமா, வண்டி தெரியுது. அவளும் திரும்பிட்டா, இங்கிட்டுத்தான் வர்றா.

இப்ப இதையும் கேக்குறீங்களேண்ணே. பன்னெண்டு எண்ணுற நேரம் புள்ள ஏன் கண்ண மூடலன்னு. மூடுனா. அட்டைய எடுத்த உடனே டக்குனு மூடிட்டா, எங்கிட்டப் பழகின புள்ளயில்ல? நான்தான், “தொற பாப்பா, தொற, மூடாத, மூணு நிமிஷந்தான், போயிரும்”னு சொன்னேன். தொறந்துட்டா. நான் இன்னும் மூடுன்னு சொல்லல. அதனால அவ மூடல.

அதுக்குள்ள குடுத்திருக்கலாமே, சவரிகிட்ட இருந்து வாங்க அம்புட்டு நேரமான்னு கேப்பீங்க. சவரிகிட்ட இல்லண்ணே. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். டாக்டரம்மாகிட்டப் பொய் சொன்னேன், தனபாக்கியத்துகிட்டச் சொன்னேன், மச்சினன கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சேன். வீட்டுக்குப் போனதும் முதல்ல அவனுக்குத்தான் போன் போடணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல, உங்ககிட்டச் சொல்லிப் பாக்குறேன்.

அவளுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி, நல்லாத் தெரியுதான்னு ஒரு தடவ பாத்துட்டுக் குடுக்கலாம்னு தூக்குனேன்ண்ணே. வளையம் தெரிஞ்சுச்சு. அப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. பின்னால நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டுன்னு அவன் எண்ணுற சத்தம் கேக்குது, பக்கத்துல இவ மூச்சு விடுற சத்தம் கேக்குது, நான் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். அந்தப் பன்னெண்டு எண்ணுற நேரமும் கண்ணாடி என் கண்ணுலதாண்ணே இருந்துச்சு.